கறுப்புப் பெட்டிக்கு முன்னும் பின்னும்



பியானோ என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது ஒரே உருவம்தான். முகம் பார்க்கலாம்போல் பளபளக்கும் கறுப்பு வண்ணம், மூன்று கால்கள், ஒரு பக்கம் மட்டும் வளைந்த உடல், கோல் கொடுத்துத் தூக்கி நிறுத்திய மூடி. இந்த உருவத்தை விட்டு விலகிய எதைப் பார்த்தாலும், அது ஓவியம் தீட்டியதாகட்டும், கண்ணாடிபோல் உள்ளே தெரிவதாகட்டும், இரண்டே கால்களில் நிற்பதாகட்டும், விநோதம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். இசை தெரிந்தவர்கள் இன்னும் கடுமையாகப் பேசுவார்கள்: பணம் மிகுந்தவர்களின் ஆசைக்காகச் செய்த சாமான் அது, அதற்கும் இசைக்கும் சம்பந்தமில்லை என்பார்கள். நான் இன்று வாதிட வந்திருப்பது இதற்கு மாறான கருத்தை. அந்தக் கறுப்பு உருவமும் ஒரு காலத்தார் தேர்ந்துகொண்ட வடிவம்தான். விநோதம் என்று நாம் ஒதுக்குகிற பியானோக்களில் பல, அந்தக் கருவியிடம் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டவை. அவற்றின் விடைகளில் சில, எந்த அடையாளமும் இல்லாமல், இன்றைய சாதாரண பியானோவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன.

வடிவம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பியானோவின் வளைந்த பக்கம் அழகுக்காக வளைத்தது அன்று. ஒவ்வொரு கட்டைக்கும் உரிய கம்பிகளை வரிசையாகக் கட்டினால் அவற்றின் நுனிகள் தாமாகவே அந்த வளைவை வரைந்துவிடும். ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால், ஒரே தடிமனும் ஒரே இறுக்கமும் உள்ள கம்பியின் நீளம் இரட்டிப்பாக வேண்டும். பியானோவின் மிக உயர்ந்த ஸ்வரத்துக்கான கம்பி ஏறத்தாழ 5 செ.மீ. நீளம். அங்கிருந்து ஏழு ஸ்தாயி இறங்கினால், இரட்டித்து இரட்டித்து, கடைசிக் கம்பி ஆறு மீட்டரைத் தாண்டிவிடும். இன்று கச்சேரி மேடைகளில் பெரிதும் காணப்படும், ஸ்டைன்வே நிறுவனத்தின் கிராண்ட் பியானோவின் மொத்த நீளமே 274 செ.மீ.தான். மீதி எங்கே போயிற்று? மந்தர ஸ்தாயிக் கம்பிகளின்மேல் செம்புக் கம்பி சுற்றிக் கனமாக்கி, நீளத்தைக் குறைத்துவிட்டார்கள். ஆக, நாம் முறையான வடிவம் என்று நம்புகிற கிராண்ட் பியானோவே ஒலியின் தேவைக்கும் அறையின் அளவுக்கும் இடையே செய்துகொண்ட ஒரு சமரசம். நியூசிலாந்தின் டிமாரு ஊரில் பள்ளி மாணவன் ஒருவனுக்கு, செம்பு சுற்றாத கம்பி எவ்வளவு நீளம் போக வேண்டும் என்ற கேள்வி பிறந்தது. அந்தக் கேள்வி 2009இல் 5.7 மீட்டர் நீளமுள்ள பியானோவாக முடிந்தது. பியானோ செய்பவரான டேவிட் கிளாவின்ஸ் 1987இல் 3.7 மீட்டர் உயரத்துக்கு ஒன்றை நிறுத்திக் காட்டினார். வாசிப்பவர் படியேறிப் போய் உட்கார வேண்டும். பார்ப்பவருக்கு இவை வேடிக்கை. கம்பியின் கணக்கை வைத்துப் பார்த்தால், சமரசம் குறைந்த பியானோக்கள் இவைதாம்.

நீளம் வேண்டும், தரையில் இடமில்லை என்றால் என்ன செய்வது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் அதற்குக் கண்ட வழி, கிராண்ட் பியானோவைச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்துவது. கட்டைகள் இருக்கும் உயரத்திலிருந்து கம்பிகள் மேல்நோக்கிப் போகும். இடப்பக்கம் நீண்ட கம்பிகள், வலப்பக்கம் குட்டைக் கம்பிகள் என்பதால் மேல் விளிம்பு ஒரு நீண்ட கழுத்துபோல் சரியும். மக்கள் அதற்கு ஒட்டகச்சிவிங்கிப் பியானோ என்றே பெயர் வைத்தார்கள். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான இந்தப் பெட்டியை ஒரு பக்கச் சாய்வோடு விட மனமில்லாத தச்சர்கள், கழுத்தின் நுனியைச் சுருள்போல் செதுக்கி முடித்தார்கள். அதற்கும் முன்பே, 1745இல், ஜெர்மனியின் கேரா நகரில் ஃப்ரீடரிசி பிரமிட் வடிவில் ஒன்றைச் செய்திருந்தார். பின்னர் பெர்லினில் ஷ்லைப், கிரேக்க யாழான லைரின் உருவத்தில் நிமிர்ந்த பியானோக்களைச் செய்தார். இவையெல்லாம் மறைந்துபோன விந்தைகள் என்று கடந்துவிடத் தோன்றும். ஆனால் ஃப்ரீடரிசியின் பிரமிடிலிருந்தே தொடர்ந்துவந்த, கம்பியை நிமிர்த்தலாம் என்ற எண்ணம்தான் இன்னொரு அடியைச் சாத்தியமாக்கியது. 1800இல் வியன்னாவில் மத்தியாஸ் முல்லரும் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் ஐசக் ஹாக்கின்ஸும் தனித்தனியே ஒரே காரியத்தைச் செய்தார்கள்: நிமிர்ந்த கம்பிகளைக் கட்டைகளுக்கு மேலே நிறுத்தாமல் தரைவரை இறக்கினார்கள். உயரம் வெகுவாகக் குறைந்தது. உலகெங்கும் வீட்டுச் சுவரோரம், பள்ளிக்கூட அறையில், தேவாலய மூலையில் நிற்கிற அப்ரைட் பியானோ பிறந்தது. நமக்குப் பழகிப்போன அந்த எளிய பெட்டி, நீண்ட கழுத்தை மடக்கிக்கொண்ட ஒட்டகச்சிவிங்கி.

இதைவிட வலுவான சான்று ஒரு மனிதரின் பட்டறை. ஹனோவர் அருகே 1789இல் பிறந்து பாரிஸில் தொழில் நடத்திய ழான்-ஆன்ரி பாப், தம் காலத்தில் விநோதப் பியானோக்களுக்குப் பேர் போனவர். அறுகோண மேசை, முட்டை வடிவ மேசை என்று, மூடியிருக்கும்போது பியானோ என்றே தெரியாத சாமான்களைச் செய்தார். நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றார். அவற்றில் பெரும்பாலானவற்றை இன்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் 1826இல் அவர் செய்த ஒரு மாற்றம் இன்று ஏறத்தாழ எல்லாப் பியானோக்களிலும் இருக்கிறது. அதுவரை, கம்பியை அடிக்கும் பியானோச் சுத்தியலின் தலைக்குத் தோல் போர்த்துவார்கள். தோல் நாளாக ஆக இறுகிப்போகும்; ஒலி கரகரக்கும். பாப் தோலுக்குப் பதிலாக ஃபெல்ட் என்கிற தடித்த கம்பளியைப் போர்த்தினார். மெல்லத் தொட்டால் மிருதுவாகவும் ஓங்கி அடித்தால் கணீரென்றும் ஒலிக்கும் அந்தக் குணம், இசையமைப்பாளர் ஷோப்பின் காலத்திலிருந்து நாம் பியானோவின் குரல் என்று கேட்டுவரும் குணம், பெருமளவு இந்தக் கம்பளியால் வந்தது. அறுகோணப் பியானோவைக் கனவு கண்ட அதே கைதான் கம்பளியையும் எடுத்தது. முன்னதைக் கிறுக்கு என்றும் பின்னதை மேதைமை என்றும் பிரித்துப் பேசுவது, முடிவு தெரிந்த பிறகு நாம் எடுத்துக்கொள்ளும் சலுகை. பட்டறையில் நின்றவருக்கு இரண்டும் ஒரே வேலை.

வடிவத்தை மாற்றுவது சரி, அது பொறியியல். ஓவியமும் செதுக்கலும் எதற்கு, அவை ஒலிக்குத் தடையாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பியானோவின் முன்னோரிடம் பதில் இருக்கிறது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஆண்ட்வெர்ப் நகரத்து ருக்கர்ஸ் குடும்பத்தார் செய்த ஹார்ப்ஸிகார்டுகள் ஒலிக்காகவே ஐரோப்பா முழுதும் தேடப்பட்டவை. அவர்கள் பூக்களையும் பூச்சிகளையும் பறவைகளையும் தீட்டியது வெளிப்பெட்டியில் மட்டும் அன்று, கருவியின் உயிர்நிலையான ஒலிப்பலகையிலேயே தீட்டினார்கள். வண்ணம் மெல்லியதாக இருக்கும்வரை பலகையின் அதிர்வு கெடவில்லை. ஒலிப்பலகைக்கே இதுதான் நிலை என்றால், வெளிப்பெட்டியின்மேல் தீட்டும் சித்திரம் ஒலியைக் குறைக்கும் என்பதற்கு இடமே இல்லை. பாரமான செதுக்கல்களை ஒலிப்பலகையின்மேல் ஏற்றினால் கெடும். அப்படி யாரும் செய்வதில்லை. ஆக, கட்டைக் கருவிகளின் குடும்பத்தில் ஓவியம் பழைய குடியிருப்பு. வெறுமைதான் பின்னால் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வீட்டுப் பியானோக்கள் ரோஸ்வுட்டிலும் மஹாகனியிலும் மரத்தின் ரேகை தெரியவே நின்றன. எங்கும் ஒரே கறுப்பு என்ற நிலை, தொழிற்சாலை உற்பத்தியும் கச்சேரி மேடையும் சேர்ந்து பிறகு ஏற்படுத்தியது.

அந்தத் தொழிற்சாலை உருவத்தைப் பார்த்து மனம் பொறுக்காத ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ். பருத்துக் கடைந்த கால்களும் தடித்த உடலும் அவர் கண்ணை உறுத்தின. பிராட்வுட் நிறுவனத்தோடு சேர்ந்து, பழைய ஹார்ப்ஸிகார்டின் மெலிந்த கோடுகளுக்குத் திரும்பி, பருத்த கால்களுக்குப் பதில் எளிய மரச்சட்டத்தின்மேல் அமரும் ஒரு கிராண்டை வடிவமைத்தார். வில்லியம் கிரஹாம் என்ற புரவலர் தம் மகளுக்காகக் கேட்டுக்கொண்டபடி 1879–80இல் முடிந்த பியானோவை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் பக்கங்களில் வட்ட வட்டமாகச் சித்திரங்கள்: தன் இசையால் பாதாளம்வரை போய் மனைவியை மீட்கப் பார்த்து, திரும்பிப் பார்த்ததால் இழந்த ஆர்ஃபியஸின் கதை. மூடியிருக்கும்வரை வெளிப்புறம் மட்டுமே தெரியும். வாசிப்பதற்காக மூடியைத் தூக்கினால், அதன் உட்புறம் முழுதும் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே குழந்தைகள் சூழ அமர்ந்திருக்கும் பூமித்தாய் தெரிவாள். இந்த வைப்பு முறையை நான் மிகவும் மதிக்கிறேன். மூடியைத் தூக்குவது ஒலி வெளிவருவதற்கான செயல். ஒலிப்பலகையிலிருந்து மேலே எழும் ஒலியைக் கேட்போர் பக்கம் திருப்பிவிடுவது அந்த மூடிதான். ஓவியர் தம் பெரிய சித்திரத்தை அந்தச் செயலோடு கட்டிவைத்துவிட்டார். கருவி பேசத் தயாராகும் கணத்தில்தான் சித்திரமும் கண் திறக்கிறது. வாசிக்காமல் மூடிவைத்திருக்கும் வீட்டில் அந்தப் பூமித்தாயைப் பார்க்கவே முடியாது. ஒட்டவைத்த அலங்காரத்துக்கும் கருவியின் நடைமுறையிலிருந்து பிறந்த அலங்காரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் எனக்குத் தெரியவில்லை.

செல்வத்தைப் பற்றிய கேள்வியை இனி தள்ளிப்போட முடியாது. நியூயார்க் செல்வந்தரும் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தலைவருமான ஹென்றி மார்குவாண்ட் தம் மாளிகைக்காக ஓவியர் லாரன்ஸ் ஆல்மா-டடீமாவிடம் வடிவமைக்கச் சொன்ன ஸ்டைன்வே, 1880களில் லண்டனில் அலங்கரிக்கப்பட்டது. கருங்காலி, தந்தம், முத்துச்சிப்பி, பவளம் எல்லாம் அதில் பதித்திருக்கிறது. கட்டைகளுக்கு மேலுள்ள பலகையில் நாடோடிப் பாணர்களின் காட்சியைத் தீட்டியவர், பின்னாளில் ராயல் அகாடமியின் தலைவரான எட்வர்ட் பாய்ன்டர். 1997 ஏலத்தில் அது ஏறத்தாழ 12 லட்சம் டாலருக்குப் போய், இப்போது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிளார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது செல்வத்தின் பறைசாற்றல் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூடியின் உட்புறத்தில், வாசித்த கலைஞர்கள் கையெழுத்திடுவதற்காகத் தோல்தாள்களைப் பதித்திருக்கிறார்கள். விலையுயர்ந்த பொருளின் நடுவில், வந்து வாசிப்பவருக்கென்று வெற்றிடம் ஒதுக்கிய மனம் அது. 1903இல் வெள்ளை மாளிகைக்கு ஸ்டைன்வே கொடுத்த தங்கமுலாம் பூசிய பியானோவில் அந்த மனத்தை நான் காணவில்லை. அதன் மூடியில் ஓவியர் தாமஸ் டியூயிங் கலைத் தேவியரைத் தீட்டினார். பெட்டியைச் சுற்றி நாட்டின் முதல் பதின்மூன்று மாநிலங்களின் சின்னங்கள். அது ஒரு நாட்டின் அறிவிப்புப் பலகை. வாசிப்பவர் அங்கே விருந்தாளிகூட இல்லை.

செல்வர் வீட்டோடு இந்த வரலாறு நின்றுவிடவும் இல்லை. 1934இல் லண்டனில் விற்பனைக்கு வந்த மினிபியானோ மேசை உயரமே இருந்தது. சுருதி கூட்டும் ஆணிகளைக் கட்டைகளுக்குக் கீழே கொண்டுபோய் உயரத்தைக் குறைத்திருந்தார்கள். பல வண்ணங்களில் கிடைத்தது. சின்ன வீடுகளுக்குள் நுழைந்தது. குனிந்து வேலை செய்ய வேண்டியிருந்ததால் சுருதி கூட்டுபவர்கள் அதை வெறுத்தார்கள். குட்டைக் கம்பிகளின் ஒலியும் மெலிந்ததுதான். குறைகளோடுதான் சொல்கிறேன். ஆனால் கிராண்ட் நுழைய முடியாத அறைக்குள் ஒரு வடிவமைப்பு இசையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதே பத்தாண்டில் தேவை இன்னொரு பியானோவைப் பிறப்பித்தது. ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. லைப்சிக் நகரத்து ப்ளூத்னர் நிறுவனம் இலகுவான அலுமினியக் கலவையால் ஒரு பியானோ செய்து, மஞ்சள் நிறப் பன்றித்தோலைப் போர்த்திக் கொடுத்தது. எடை 162 கிலோ. 1936 மே மாதம் அட்லாண்டிக்குக்கு மேலே அதில் வாசித்தார்கள். கப்பல் எரிந்த 1937ஆம் ஆண்டின் அந்தக் கடைசிப் பயணத்தில் பியானோ அதில் இல்லை, முன்பே இறக்கிவிட்டிருந்தார்கள். நெருப்பு அதை விடவில்லை. 1943இல் லைப்சிக் மீது நடந்த குண்டுவீச்சில் அழிந்துபோனது. உலோகத்தாலும் தோலாலும் ஆன அந்தப் பெட்டியை அலங்காரம் என்று யார் சொல்ல முடியும்?

இன்னொரு மறுப்பு நுட்பமானது. இத்தனை வடிவங்கள் வந்தும் ஒன்றுதான் நிலைத்தது. ஆகவே அதுவே சிறந்தது என்பார்கள். நிலைத்ததெல்லாம் சிறந்தது என்றால், ஹங்கேரியரான பால் ஃபான் யாங்கோ 1882இல் அமைத்த கட்டை வரிசை ஏன் தோற்றது என்று சொல்ல வேண்டும். ஆறு வரிசைகளில் கட்டைகள். ஒரே ஸ்வரத்தை மூன்று இடங்களில் தொடலாம். எந்தச் சுருதியில் வாசித்தாலும் விரல் வைப்பு மாறாது. சிறிய கைகளுக்கும் ஒரு ஸ்தாயி எளிதில் எட்டும். அதன் பயன் அப்போதே பலருக்குப் புரிந்தது. ஆனால் பழைய முறையில் விரல் பழகிய ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மிகச் சிலரே தொடங்கினார்கள். இன்றும் சிறிய கையுள்ள வாசிப்பாளர்கள் தசை வலியோடு பெரிய கைகளுக்காக அமைந்த கட்டைகளில் போராடுகிறார்கள். நிலைத்த வடிவத்துக்குப் பின்னால் தகுதி பாதி என்றால் பழக்கம் பாதி. இதை ஒப்புக்கொள்ளாதவர்களால் புதிய பியானோ எதையும் நேர்மையாகக் கேட்க முடியாது.

2015ஆம் ஆண்டு இந்தக் கேள்வியை இரண்டு பக்கத்திலிருந்தும் எழுப்பியது. ஜனவரியில் புடாபெஸ்ட்டில் பியானோக் கலைஞர் கெர்கெய் போகானி தம் பெயரிலான பியானோவை அறிமுகப்படுத்தினார். இரண்டே கால்கள், அலைபோல் வளைந்த கீழ்ப்பகுதி. ஒலிப்பலகை மேல்நோக்கி ஒலிப்பதுபோலவே கீழ்நோக்கியும் ஒலிக்கிறது. தரையில் வீணாகும் அந்த ஒலியைக் கேட்போர் பக்கம் அனுப்பவே அந்த வளைவு என்பது அவர் வாதம். ஒலிப்பலகை மரமன்று, கார்பன் இழைக் கலவை. மரத்தின் இனிமை போய்விடும் என்ற அச்சம் உடனே எழுந்தது, எழத்தான் வேண்டும். ஆனால் மர ஒலிப்பலகை ஈரத்தில் உப்பி, வறட்சியில் சுருங்கி, சுருதியை இழுத்துக்கொண்டே போகும் துன்பம், ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில் பியானோ வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் துன்பத்துக்கு ஒரு பதிலாக அதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். அதே ஆண்டு மே மாதம் லண்டனில் இசைக்கலைஞர் டேனியல் பாரன்பாய்ம் ஒரு பியானோவைக் கொண்டுவந்து வைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் வழக்கமான கறுப்பு கிராண்ட். மாற்றம் முழுதும் உள்ளே. 1859இல் ஸ்டைன்வே கிராண்ட் பியானோவில் கொண்டுவந்து உலகமே ஏற்றுக்கொண்ட முறைப்படி, மந்தரக் கம்பிகள் மற்றவற்றின் மேலே குறுக்காகப் போகும். இத்தாலியின் சியெனாவில் புதுப்பித்து வைத்திருந்த, இசையமைப்பாளர் லிஸ்ட்டின் பியானோவில் கம்பிகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதைக் கண்ட பாரன்பாய்ம், பெல்ஜியத்துக் கைவினைஞர் கிறிஸ் மேனவிடம் அப்படியே ஒன்றைச் செய்யச் சொன்னார். ஸ்தாயிக்கு ஸ்தாயி குரலின் நிறம் தெளிவாகப் பிரிந்து கேட்கிறது. இரண்டில் எது விநோதம்? கண்ணை நம்புபவர் போகானியைச் சொல்வார். கம்பியை நம்புபவர் பாரன்பாய்மைச் சொல்வார்.

எல்லாவற்றையும் நான் தாங்கிப் பேசவில்லை. பெட்டிமேல் படிகக் கற்களை ஒட்டி விலையேற்றுவதில் கருவியைப் பற்றிய சிந்தனை எதுவும் இல்லை. யானைத் தந்தத்தைச் சுருள் சுருளாக அறுத்துப் பெரிய தகடாக்கிப் பியானோவுக்குப் போர்த்தியதில் பாப்பின் திறமை தெரிகிறது. எனக்கு அந்த யானைகள்தான் கண்ணில் படுகின்றன. அலங்காரப் பியானோவுக்கு மட்டும் உரிய பாவமும் அன்று அது. 1989இல் உலக வணிகத் தடை வருவதற்கு முன் நெடுங்காலம் சாதாரணப் பியானோவின் வெள்ளைக் கட்டைகளுக்கும் தந்தம் போய்க்கொண்டிருந்தது. எளிய உருவம் என்பதால் அது தூய்மையானது ஆகிவிடவில்லை.

கடைசியாக, இந்தப் பியானோக்களை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கலைஞர் யோசஃப் பாய்ஸ் 1966இல் ஒரு கிராண்ட் பியானோவை முழுதும் சாம்பல் நிற ஃபெல்ட்டால் போர்த்தி, சிவப்புச் சிலுவை தைத்து வைத்தார். சுத்தியலுக்குக் குரல் கொடுத்த அதே கம்பளி, அங்கே கருவியின் வாயை மூடியிருக்கிறது. அது கலைஞர் தெரிந்து செய்த மௌனம். அருங்காட்சியகங்களில் கயிறு கட்டி நிறுத்திய கலைப் பியானோக்களின் மௌனம் அப்படிப்பட்டதன்று. யாரும் கேட்காததால் வந்தது. பாதுகாப்பாளர்கள் இதற்குச் சொல்லும் மறுப்பு கனமானது. பியானோவைக் கண்டுபிடித்த பார்த்தலோமேயோ கிறிஸ்தோஃபோரியின் கருவிகளில் மூன்று மிஞ்சியிருக்கின்றன. நியூயார்க்கில் உள்ள 1720ஆம் ஆண்டுக் கருவியை வாசிக்கும்படி சீராக்கியபோது, 1938இல் ஒலிப்பலகையையே மாற்றிவிட்டார்கள். அது இன்று ஒலிக்கும். ஆனால் கிறிஸ்தோஃபோரி கேட்ட ஒலியா அது என்று யாராலும் சொல்ல முடியாது. லைப்சிக்கில் உள்ள 1726ஆம் ஆண்டுக் கருவி ஒலிக்காது. ஆனால் அவர் கைவேலை அதில் பெரிதும் கலையாமல் இருக்கிறது. ஒலிக்கவைத்தால் சான்று அழிகிறது, காத்துவைத்தால் ஒலி அழிகிறது. இதற்குக் கைவினைஞர்கள் கண்ட வழி, மூலத்தைத் தொடாமல் அளந்தெடுத்து, அதே மரத்தில் அதே முறையில் மறுபடி செய்து வாசிப்பது. கிறிஸ்தோஃபோரியின் ஒலியை இன்று நாம் ஓரளவு ஊகிக்க முடிவது அப்படிச் செய்த பிரதிகளால்தான். ஒட்டகச்சிவிங்கிக்கும் பர்ன்-ஜோன்ஸின் பூமித்தாய்க்கும் பாப்பின் அறுகோண மேசைக்கும் அந்த அளவுகோலை எடுத்துப் போக வேண்டும். அளந்து, செய்து, கம்பி கட்டி, சுருதி கூட்டி, ஒருவரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகு நாம் அவற்றை விநோதம் என்று சொல்கிறோமா என்று பார்ப்போம்.